அம்மாவுக்கு மூச்சு வாங்குவது வாய்வாலா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது, பத்து ஆண்டுகளாக நீரிழிவு. இரண்டு கிழமையாகக் கிணற்றில் தண்ணீர் அள்ளினால் மூச்சு வாங்குகிறது. தாடையும் முதுகும் நோகின்றன. சற்று இருந்தால் தணிகிறது. நெஞ்சு நோவு இல்லை. வாய்வு என்று இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடிக்கிறார். அடுத்த மாதக் கிளினிக் வரை பொறுக்கலாமா? – வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: பொறுக்க வேண்டாம். இன்றே ஆதார வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வேலை செய்யும்போது வந்து, ஓய்ந்தால் தணியும் நோவு எங்கே இருந்தாலும் முதலில் இதயத்தையே சந்தேகிக்க வேண்டும். வாய்வு இப்படிக் கணக்காக ஏறி இறங்காது. பெண்களுக்கும் மாரடைப்பில் நெஞ்சு நோவுதான் அதிகம் வருகிறது. ஆனால் மூச்சிளைப்பு, ஓங்காளம், தாடை நோவு, காரணமில்லாத களைப்பு ஆகியவை ஆண்களைவிடக் கூடுதலாகச் சேர்ந்து வரும். நீண்டகால நீரிழிவு நரம்புகளைப் பாதிப்பதால், நெஞ்சு நோவு தெரியாமலே போகவும் கூடும். உலகில் பெண்களின் மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு இதய, இரத்தக்குழாய் நோய்களே காரணம். அப்படியிருந்தும் நம் வீடுகளில் இது இன்னும் ஆண்களின் நோய்தான்.

வைத்தியரிடம் “களைப்பு” என்று மட்டும் சொன்னால் சத்துக் குளிசையோடு திரும்பி வர நேரலாம். “தண்ணீர் அள்ளும்போது வருகிறது, இருந்தால் போகிறது, இரண்டு கிழமையாகத்தான்” என்று நீங்களே சொல்லுங்கள். அம்மா குறைத்துத்தான் சொல்வார். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கொண்டு போங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவரானால் அதையும் மறைக்காதீர்கள். அதுவும் இதயத்துக்குக் கேடு. நோவு இல்லாத நேரத்தில் எடுக்கும் ஈசிஜி சரியாகவே இருக்கலாம். அதோடு திருப்தியடைந்துவிடாமல், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோப்போனின் இரத்தப் பரிசோதனையும், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும் தேவையா என்று கேளுங்கள்.

சும்மா இருக்கும்போதே நோவு வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ ஓட்டோ தேட வேண்டாம். 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். மாரடைப்பானால், இதய இரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் மருந்து முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும்.

உங்களுக்கும் ஒன்று. கர்ப்ப காலத்தில் சீனியோ பிரஷரோ கூடியிருந்தால், பிள்ளைப்பேற்றோடு அது முடிந்துவிடுவதில்லை. பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அம்மாவைக் காட்டியபின் உங்கள் பிரஷர், சீனி, கொழுப்பையும் பரிசோதியுங்கள்.