அம்மா அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வார்

வணக்கம் அக்கா,

எனக்கு 39 வயது. நானும் மனைவியும் ஐ.டி.யில் இருக்கிறோம். 15 வருடமாக மடிப்பாக்கத்தில் வாடகை வீடு. வரும் ஜூனில் குடும்பத்தோடு பெங்களூருக்கு மாறுகிறோம். எனக்கு பெள்ளந்தூரில் ஆபீஸ், மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் ஒயிட்ஃபீல்டு. மகள் நான்காம் வகுப்பு போகிறாள், மகன் யு.கே.ஜி. சர்ஜாபூர் சாலை, ஒயிட்ஃபீல்டு, வாடகை கொஞ்சம் குறைவு என்பதால் எலஹங்கா, இந்த மூன்று இடங்களிலும் ஆறு அபார்ட்மென்ட் பார்த்து, 14 கட்டம் போட்டு ஒரு எக்செல் தயாரித்து இணைத்திருக்கிறேன். நீங்கள் பெங்களூரில் பல வருடம் இருப்பவர் என்பதால் கேட்கிறேன். எந்த ஏரியா நல்லது? தமிழர்கள் அதிகம் இருக்கும் இடமாகப் பார்க்க வேண்டுமா? காவிரிப் பிரச்சினை வந்தால் பயமில்லையா? பிள்ளைகள் படிப்பில் கன்னடம் தொந்தரவாக இருக்குமா? அம்மாவும் எங்களோடு வருகிறார். 68 வயது. அவர் எங்கே இருந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வார், அதனால் அவரைப் பற்றிக் கவலை இல்லை.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

எக்செல்லை முழுக்கப் பார்த்தேன். கார்ப்பெட் ஏரியா, மெயின்டனன்ஸ், பவர் பேக்கப், நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் எல்லாம் இருக்கிறது. விசிட்டர் பார்க்கிங்குக்குக்கூட ஒரு கட்டம் இருக்கிறது. உண்மையிலேயே உழைத்திருக்கிறீர்கள். அதில் அம்மாவைத் தேடினேன். காணோம். கடிதத்தின் கடைசி வரியில்தான் வருகிறார், வரும்போதே அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டு வருகிறார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். போன மாதம் பரண் ஒழித்தபோது அப்பாவின் டைரிகள் கிடைத்தன. அன்றிலிருந்து மனது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் நீங்கள் கேட்டவற்றை முடித்துவிடுகிறேன்.

தமிழர்கள் உள்ள இடமாகத் தேட வேண்டாம். டொம்ளூர் சொக்கநாதர் கோயில் கல்லிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது, இந்த ஊருக்கு நாம் நேற்று வந்தவர்கள் கிடையாது. 1991-இலும் 2016-இலும் காவிரிக் கலவரம் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2016 செப்டம்பரில் இரண்டு நாள் நானும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அல்சூர் ஏரிக்கரையில் 18 வருடம் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்டில் திறந்ததும் இதே ஊர்தான். நாலே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். பயத்தை வைத்துத் தெருவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த நேரத்தில் கன்னடம் படியுங்கள். பத்து வருடம் இங்கே சம்பாதித்துவிட்டு 'கன்னடா கொத்தில்லா' (கன்னடம் தெரியாது) என்ற இரண்டே வார்த்தையில் காலம் தள்ளுகிற நம்மவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பால்காரரிடம் அவர் மொழியில் விலை கேட்க ஒரு மாதம் போதும். நீங்கள் அந்த ஒரு மாதத்தைச் செலவழிக்கத் தயாரா, அதைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குக் கன்னடம் தொந்தரவா என்ற கேள்வியே தப்பு. 2015 சட்டப்படி சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளும் கன்னடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்கள் மகள் ஆறே மாதத்தில் உங்களுக்கு மொழிபெயர்ப்பாள். காருக்கு சென்னை ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு வாருங்கள், 12 மாதத்துக்குள் இங்கே பதிவு மாற்ற வேண்டும். முதல் வருடம் வீடு வாங்காதீர்கள், வாடகைக்கு இருங்கள். கிளப் ஹவுஸ் கட்டத்தை அழித்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தை மட்டும் அப்படித் தள்ள முடியாது. நீங்கள் பார்த்திருக்கும் இடங்களில் பெரும்பகுதி 2007-இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தது. ஊர் வளர்ந்தது, குழாய் வரவில்லை. ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான். 2024 மார்ச்சில் அந்தக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றின, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த வருடம் அக்டோபரில்தான் அந்தக் கிராமங்களுக்காகக் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தைத் தொடங்கினார்கள். நாளுக்கு 77.5 கோடி லிட்டர், சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேற்றிக் கொண்டுவருகிறார்கள். ஆனால் தெருவில் குழாய் வந்திருப்பது வேறு, உங்கள் சம்ப்பில் தண்ணீர் விழுவது வேறு. 'காவிரி கனெக்‌ஷன் இருக்கிறது' என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். அசோசியேஷன் ஆபீசில் போன ஏப்ரல் மாத டேங்கர் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அதுதான் பதில். பக்கத்தில் ராஜகாலுவே ஓடுகிறதா என்றும் விசாரியுங்கள், ஏரிக்கு ஏரி மழைநீர் போகிற பெரிய வாய்க்கால் அது. 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் சாலைப் பக்கம் கோடிக்கணக்கில் விலைபோன வில்லாக்களிலிருந்து ஆட்களை டிராக்டரிலும் படகிலும் ஏற்றினார்கள். தண்ணீர் அதன் பழைய வழியில்தான் வந்தது.

சரி, இப்போது அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பா மன்னார்குடிக்காரர். தபால் ஆபீசில் 34 வருடம். விடியற்காலை எழுந்து ஹரித்ராநதிக் கரையை ஒரு சுற்று நடப்பார். 23 ஏக்கர் குளம், சின்னச் சுற்று கிடையாது. நடுவில் எதிர்ப்படுகிறவர்களோடு நின்று பேசி, டீக்கடையில் பேப்பர் பார்த்து, கீரை வாங்கிக்கொண்டு வீடு வர எட்டரை ஆகிவிடும். அம்மா போன பிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று 2011-இல் அவரை இங்கே அழைத்து வந்தோம். சர்ஜாபூர் சாலை, ஒன்பதாவது மாடி. என் கணவருடைய ஆபீஸுக்குக் கால் மணி நேரம். நீச்சல் குளம் இருந்தது, கிளப் ஹவுஸ் இருந்தது, 'சீனியர் சிட்டிசன் கார்னர்' என்று பலகை மாட்டிய நாலு சிமென்ட் பெஞ்சுகூட இருந்தது. அப்பா அந்த பெஞ்சில் ஒரு நாளும் உட்காரவில்லை. கேட்டுக்குப் போய் நிற்பார்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டிப் பையன் அஸ்ஸாம்காரன். அவனுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இந்தி தெரியாது. நல்ல பையன், தன் பிளாஸ்டிக் நாற்காலியை அப்பாவுக்குக் கொடுத்துவிடுவான். தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும், அதற்கு உள்பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே நடைபாதை கிடையாது. தார் முடிகிற இடத்தில் சேறு, அதை ஒட்டி டிப்பர் லாரி.

2013 மழைக்காலத்தில் ஒரு நாள் சவர பிளேடு வாங்கவென்று சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார். கடை அரை கிலோமீட்டர் தள்ளி. லாரிக்கு ஒதுங்கப் போய்ச் சேற்றில் விழுந்து, முழங்கை தோல் உரிந்து, வேட்டியெல்லாம் மண்ணாக வந்து நின்றார். கணவரும் நானும் மாற்றி மாற்றிக் கத்தினோம். "என்ன வேணும்னாலும் எங்கிட்ட சொல்லுங்கப்பா, ஆன்லைன்ல வந்துடும்" என்றேன். பிளேடு மறுநாளே வந்துவிட்டது. அப்பா வெளியே போவதை நிறுத்திவிட்டார்.

அந்த வாரம் என் தங்கையிடம் போனில் பேசும்போது நான் சொன்ன வார்த்தை இன்னும் நினைவிருக்கிறது. "அப்பா நல்லா அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டார்டி."

போன மாதம் கிடைத்த டைரியில் அந்த வருடம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் நேரம், அதற்கு எதிரே ஒரு எண். 6.40 – 1. 7.05 – 2. 7.20 – 3. முதலில் மாத்திரைக் கணக்கு என்று நினைத்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் ஓரமாக எழுதியிருந்தார்: 'இன்று 14 லாரி. ஒன்றில் குழாய் ஒழுகல், பாதித் தண்ணீர் ரோட்டில்.' டேங்கர் லாரி, தம்பி. எங்கள் அபார்ட்மென்ட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரிகள். தபால் பை வந்து சேர்ந்த நேரத்தை ரிஜிஸ்டரில் 34 வருடம் எழுதிய கை. அதற்கு எழுத வேறு ஒன்றும் நாங்கள் வைக்கவில்லை. ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு அப்படியே எழுதியிருக்கிறார். நான் ஒரு நாள்கூட அந்த டைரியைப் பிரித்துப் பார்க்கவில்லை.

உங்கள் அம்மா மடிப்பாக்கத்தில் 15 வருடம் இருந்திருக்கிறார். சாயங்காலம் எந்தக் கோயிலுக்குப் போகிறார், எந்தப் பூக்காரம்மாவிடம் முழம் கேட்கிறார், வழியில் யார் வீட்டு வாசலில் நிற்கிறார், உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அது ஒரு கட்டமாக எக்செல்லில் வந்திருக்கும். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வார்' என்பதை அவரா சொன்னார்? நீங்கள் அவரிடம் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்டிருந்தாலும் "எனக்கென்னப்பா, நீங்க இருக்கிற இடம்தான்" என்றுதான் சொல்லியிருப்பார். அந்த வார்த்தையை எடுத்து எழுத்தில் வைப்பது நியாயமே இல்லை. உங்களுக்கு ஆபீஸ் இருக்கிறது, மனைவிக்கு இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது. அந்த வீட்டில் 24 மணி நேரமும் இருக்கப்போகிறவர் அவர் ஒருவர்தான். வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் முதல் ஓட்டு அவருக்குத்தானே இருக்க வேண்டும்?

எங்கள் விஷயத்தில் என் கணவர்தான் விழித்துக்கொண்டார். 2014-இல் ஜீவன் பீமா நகரில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடிக்கு மாறினோம். லிஃப்ட் கிடையாது. ஒரு அறை குறைவு. அவருக்கு ஆபீஸ் போகக் கால் மணி என்பது ஒரு மணி நேரமானது. நல்ல வீட்டை விட்டுவிட்டு இங்கே எதற்கு வந்தீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஆனால் தெருவில் இறங்கினால் மரநிழலில் நடைபாதை இருந்தது. நாலு எட்டில் நந்தினி பால் பூத், அதைத் தாண்டி ஹாப்காம்ஸ் காய்கறிக் கடை, திருப்பத்தில் ஒரு தர்ஷினி, அதாவது நின்றுகொண்டே சாப்பிடுகிற சின்ன ஓட்டல். அப்பா முதல் வாரம் பூத் வரைக்கும் போனார். இரண்டாவது வாரம் காய் வாங்க ஆரம்பித்தார். 'எஷ்டு' (எவ்வளவு) கற்றுக்கொண்டார், 'சொல்ப கம்மி மாடி' (கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்) கற்றுக்கொண்டார், 76 வயதில்.

இங்கே தர்ஷினியில் 'பை டூ காபி' என்று ஒன்று உண்டு. ஒரு காபி காசுக்கு இரண்டு சின்ன டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள். நின்றுகொண்டே குடிக்க வேண்டியதுதான். ஒரு நாள் காலை அப்பா படியேறி வந்து, மூச்சு வாங்க, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "இன்னைக்கு பை டூ குடிச்சேம்மா." எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற ஒருவர், கன்னடக்காரர், சர்க்கரை வியாதி உள்ளவர், முழுக் காபி குடிக்கக் கூடாதாம். பாதிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த நாலு வருடம் தினம் காலை ஏழு மணிக்கு அந்தப் பாதிக் காபி. அந்த வருடங்களின் டைரிகளும் பரணில் இருந்தன. பெரும்பாலும் வெற்றுப் பக்கங்கள். எழுத நேரமில்லை.

நீங்கள் கேட்டது புறநகர். அங்கேயும் இப்படி இடங்கள் இருக்கின்றன. எலஹங்காவில் உபநகரத்தைப் பாருங்கள், வீட்டு வசதி வாரியம் போட்ட பழைய லேஅவுட், பூங்காவும் கடைகளும் நடக்கிற தூரத்தில் இருக்கும். ஆனால் உங்கள் இருவருக்கும் ஆபீஸ் எதிர்த் திசை, உங்களால் முடியாது. ஒயிட்ஃபீல்டு என்றால் எல்லோரும் ஐ.டி. பார்க்கைத்தான் நினைக்கிறார்கள். 1880-களில் ஆங்கிலோ இந்தியர்களுக்காக உண்டான குடியிருப்பு அது, அந்தப் பழைய பகுதியும் காடுகோடி ஊர்ப்பக்கமும் இன்னும் தெருவாக இருக்கின்றன. 2023-இல் மெட்ரோவும் காடுகோடி வரை வந்துவிட்டது. உங்கள் மனைவிக்குச் சௌகரியம். உங்களுக்குப் பெள்ளந்தூர் போய்வர நேரம் கூடும். கூடட்டும் தம்பி. சர்ஜாபூர் சாலைக்கு மெட்ரோ இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

இதையும் என் பேச்சைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். சனி, ஞாயிறு வேண்டாம், ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அபார்ட்மென்ட் வாசலில் காலை எட்டு மணிக்கு அவரை இறக்கிவிடுங்கள். கையில் நூறு ரூபாய் கொடுத்து, கொத்தமல்லியும் பூவும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் கூடப் போகக் கூடாது, கேட்டிலேயே நில்லுங்கள். அவர் எத்தனை மணிக்குத் திரும்பினார், வரும்போது முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அக்கா