வாசகர் கேள்வி – பதில்: தோழர் என். சங்கரய்யா

கேள்வி: மூன்று முறைதான் எம்.எல்.ஏ. ஆனார், மந்திரி பதவியே வகித்ததில்லை. அப்புறம் ஏன் என். சங்கரய்யாவை இவ்வளவு கொண்டாடுகிறோம்? – மதுரை வாசகர்

பதில்: 1967, 1977, 1980 என மூன்று முறையும் உங்கள் மதுரைதான் அவரை ஜெயிக்க வைத்தது. ஆனால் பதவியை வைத்து அளந்தால் அந்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர் கைக்குள் அடங்கமாட்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தவரை 1941-ல், இறுதித் தேர்வுக்குச் சில நாள்களே இருந்தபோது பிரிட்டிஷ் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. படிப்பு அத்தோடு நின்றது. அப்புறம் பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்டுகள் மேல் போட்ட மதுரைச் சதி வழக்கில் உள்ளே போய், நாட்டுக்கு விடுதலை கிடைப்பதற்கு முதல் நாள், 1947 ஆகஸ்ட் 14 அன்றுதான் வெளியே வந்தார். அடுத்த மாதமே நவமணி அம்மையாரோடு சாதி, மதம் பார்க்காத கல்யாணம். சுதந்திர இந்தியாவும் அவரைச் சும்மா விடவில்லை, கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்ததும் மறுபடி தலைமறைவு, சிறை. எல்லாம் சேர்த்து எட்டு ஆண்டு சிறைவாசம்.

கேள்வி: டாக்டர் பட்டம் கிடைக்காமலே போய்விட்டாரே? – விருதுநகர் வாசகி

பதில்: எனக்கும் ஆறவே இல்லை அம்மா. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 2023-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க முடிவு செய்தது, ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. அதைக் கண்டித்து அன்றைய உயர்கல்வி அமைச்சர் பட்டமளிப்பு விழாவைப் புறக்கணித்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 15 அன்று சென்னையில் சங்கரய்யா காலமானார், வயது 101. படித்து வாங்க வேண்டிய பட்டத்தை வெள்ளைக்காரன் பறித்தான், தேடி வந்த பட்டத்தை நம் காலத்திலேயே தடுத்தார்கள், இரண்டுமே அதே மதுரையில். இதில் குறைந்துபோனது பல்கலைக்கழகத்தின் பெருமைதான், அவருடையது அல்ல. 2021-ல் தமிழக அரசின் தகைசால் தமிழர் விருதோடு வந்த 10 லட்சம் ரூபாயை அப்படியே முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குத் திருப்பிக் கொடுத்தவர் அவர். கடைசியில் அரசு மரியாதையோடு பெசன்ட் நகர் மயானத்தில் தகனம் நடந்தது, அதுவாவது முறையாக நடந்ததே.

கேள்வி: 1964-ல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளியேறித்தான் மார்க்சிஸ்ட் கட்சி பிறந்தது என்கிறார்கள். அவர்களில் யாராவது இருக்கிறார்களா? – திருப்பூர் வாசகர்

பதில்: இல்லை. அந்த 32 பேரில் ஒருவரான சங்கரய்யாவுக்குப் பிறகு கேரளத்தின் முன்னாள் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் ஒருவர்தான் இருந்தார். 2025 ஜூலையில் அவரும் போய்விட்டார், அவருக்கும் வயது 101.