பிரேக் பேடும் டிஸ்கும்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

கேள்வி: 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் செல்லும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி, முன்சக்கர டிஸ்க் இரண்டையும் பேடுகளையும் மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதங்கள் நன்றாக இருந்தது. இப்போது அதே நடுக்கம் திரும்பிவிட்டது. புதிய டிஸ்க் இவ்வளவு விரைவில் வளையுமா?

பதில்: உங்கள் டிஸ்க் வளைந்திருக்காது என்றே கருதுகிறேன். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் தட்டான டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. அன்றாட ஓட்டத்தில் எழும் வெப்பத்துக்கு அது எளிதில் வளைந்துகொடுப்பதில்லை. பட்டறைகளில் ‘டிஸ்க் பெண்டு’ என்று சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை, டிஸ்கின் கனம் சுற்றளவு முழுவதும் ஒரே சீராக இல்லாததால் வருபவை. ஓரிடத்தில் 0.02 மில்லிமீட்டர் அளவுக்குக் கனம் கூடியோ குறைந்தோ இருந்தாலே போதும். தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அந்த வேறுபாடு, சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடைத் தள்ளி, பேடைத் தாங்கும் கவ்வியான காலிப்பரின் பிஸ்டனை அசைத்து, பெடலில் துடிப்பாகவும் ஸ்டியரிங்கில் நடுக்கமாகவும் வெளிப்படும்.

புதிய டிஸ்கில் இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதுதான் உங்கள் வண்டியில் கண்டறிய வேண்டியது. டிஸ்க் அமரும், சக்கரத்தின் மையப் பகுதியான ஹப்பின் முகத்தில் துரு படிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் புதிய டிஸ்கை அதன்மேல் வைத்து இறுக்கினால், டிஸ்க் மிகச் சிறிதளவு சாய்ந்து அமரும். அந்தச் சாய்வு ஹப்பில் இருப்பதைவிட டிஸ்கின் வெளிவிளிம்பில் பெரிதாகிவிடும். அப்போது டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் ஆடும். தொடக்கத்தில் ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனெனில் காலிப்பர் அந்த ஆட்டத்தோடு சேர்ந்து நகர்ந்துகொடுக்கும். ஆனால் பிரேக்கை மிதிக்காமல் ஓட்டும் நேரம் முழுவதும், டிஸ்கின் அதே ஒரு பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிச் செல்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்தப் பகுதி தேய்ந்து மெலிந்துவிடும், அல்லது பேடின் பொருள் அங்கே அப்பிக்கொண்டு தடித்துவிடும். சில மாதங்கள் கழித்தே நடுக்கம் திரும்பியதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஆகவே மீண்டும் டிஸ்க் வாங்குவதற்கு முன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்கை நட்டுகளால் ஹப்போடு சேர்த்து இறுக்கிவிட்டு, டயல் கேஜ் என்னும் நுண்ணளவுக் கருவியை வெளிவிளிம்புக்குச் சற்று உள்ளே வைத்துச் சுற்றினால் பக்கவாட்டு ஆட்டம் தெரியும். பல கார்களுக்கு அது 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது வரம்பு. பிறகு மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் கனத்தை அளக்க வேண்டும். ஆட்டம் வரம்பை மீறினால் டிஸ்கைக் கழற்றி, ஹப்பின் முகத்தையும் டிஸ்கின் உட்புற முகத்தையும் வெற்று உலோகம் தெரியும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, டிஸ்கை ஒரு போல்ட் அளவு திருப்பி வைத்து மீண்டும் அளந்தால், பல நேரங்களில் குறை அங்கேயே தீர்ந்துவிடும். ஆட்டம் குறையாவிட்டால் ஹப்பையும் அதன் பேரிங்கையும் சோதிக்க வேண்டும்.

சக்கரத்தின் நட்டுகளை இறுக்கும் முறையும் இதில் சேரும். காற்றுத் துப்பாக்கியால் ஒவ்வொரு நட்டையும் ஒவ்வொரு விசையில் இறுக்கினால் டிஸ்க் ஹப்போடு சீராகப் பொருந்தாமல் போகும். நட்சத்திர வடிவில், எதிரெதிராக, இரண்டு தவணைகளில், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைக் கொண்டு இறுக்குவதே முறை. கையேட்டில் உங்கள் காருக்கான அளவு இருக்கும். சிறிய, நடுத்தரக் கார்களுக்கு அது பெரும்பாலும் 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் அமையும். டயர் மாற்றும் இடத்திலும் இதைக் கேட்டுப் பெறுவதற்குத் தயங்காதீர்கள்.

நடுக்கம் பிரேக்கை மிதிக்காத நேரத்திலும் இருந்தால், டிஸ்கை விட்டுவிட்டுச் சக்கரங்களின் பேலன்சிங்கை, அதாவது எடைச் சமநிலையை, முதலில் பாருங்கள்.

கேள்வி: பேடு மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆர்கானிக், செமி-மெட்டாலிக், செராமிக் என்று மூன்று வகை சொல்கிறார்கள். பெரும்பாலும் நகருக்குள்ளும், எப்போதாவது மலைப்பாதையிலும் ஓட்டுகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மூன்றிலும் பொருள்களைப் பிணைப்பது பெரும்பாலும் பீனாலிக் வகைப் பிசின்தான், அதற்குள் எதைக் கலக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஆர்கானிக் பேடில், முற்காலத்து ஆஸ்பெஸ்டாசுக்கு மாற்றாகக் கண்ணாடி இழை, அராமிட் என்னும் வலிமையான செயற்கை இழை, ரப்பர் போன்றவை சேர்கின்றன. அது மென்மையானது, சத்தமில்லாமல் இயங்கும், குளிர்ந்த நிலையிலும் நன்றாகப் பிடிக்கும், டிஸ்கையும் அதிகம் தேய்க்காது. ஆனால் விரைவாகத் தேய்ந்துவிடும். அடுத்தடுத்துக் கடுமையாக மிதித்தால் பிசின் சூடேறிச் சிதைந்து, வெளியாகும் வாயு பேடுக்கும் டிஸ்குக்கும் இடையே நின்று பிடியைக் குறைக்கும். செமி-மெட்டாலிக் பேடின் எடையில் ஏறத்தாழ 30 முதல் 65 விழுக்காடு எஃகு இழை, இரும்புத் தூள், செம்பு முதலிய உலோகங்கள். வெப்பத்தை நன்றாகத் தாங்கும் என்பதால் பாரம் ஏற்றுபவர்களுக்கும் நீண்ட இறக்கங்களில் அடிக்கடி செல்பவர்களுக்கும் ஏற்றது. அதற்குப் பதிலாகச் சத்தம், கரிய தூசி, கூடுதலான டிஸ்க் தேய்மானம் ஆகியவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். செராமிக் பேடு அமைதியானது, தூசி குறைவு, வரும் தூசியும் வெளிர் நிறமாக இருப்பதால் சக்கரத்தைக் கறுப்பாக்காது, நீடித்தும் உழைக்கும், விலை கூடுதல்.

என்னுடைய கருத்து, உங்கள் காரைத் தயாரித்தவர்கள் முதலில் எந்த வகையைப் பொருத்தினார்களோ அதே வகையிலிருந்தே தொடங்குங்கள் என்பது. காலிப்பரின் அளவும், முன்பின் சக்கரங்களுக்கு இடையே விசை பகிரப்படும் விதமும், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் இயங்கும் முறையும் அந்தப் பேடைக் கணக்கில் கொண்டே அமைக்கப்பட்டவை. நீங்கள் சொல்லும் பயன்பாட்டுக்குத் தரமான ஆர்கானிக் அல்லது செராமிக் பேடு போதும். மலைப்பயணம் மாதந்தோறும், அதுவும் முழு பாரத்துடன் என்றால் செமி-மெட்டாலிக்கை எண்ணிப் பார்க்கலாம்.

பேடின் விளிம்பிலோ பின்தகட்டிலோ அச்சிடப்பட்ட நீண்ட குறியீட்டின் இறுதியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அவற்றைக் கவனியுங்கள். முதலாவது எழுத்து இயல்பான வெப்பநிலையில் உள்ள உராய்வுக் கெழுவையும் (பிடியின் அளவு), இரண்டாவது சூடான நிலையில் உள்ளதையும் குறிக்கும். ‘இ’ (E) என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ (F) என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ (G) என்றால் 0.45 முதல் 0.55 வரை. ‘எஃப் எஃப்’ என்றிருக்கும் பேடு சூடானாலும் அதே பிடியைக் காக்கும். ‘எஃப் இ’ என்றிருப்பது சூட்டில் தளரும். மலைப்பாதையில் செல்பவருக்கு இந்த இரண்டாவது எழுத்தே முக்கியம். ஆனால் தேய்மானத்தைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ இந்த எழுத்துகள் எதையும் சொல்வதில்லை. எதை வாங்கினாலும் ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒரே பேடு இருக்க வேண்டும். இல்லையெனில் மிதிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

கேள்வி: செராமிக் பேடு போட்டால் டிஸ்க் கெடாது என்பது உண்மையா?

பதில்: முழு உண்மையன்று. அது டிஸ்கை மெதுவாகத் தேய்க்கும் என்பது சரி. ஆனால் காலிப்பர் நகர்ந்துகொடுக்க உதவும் வழுக்கு ஊசிகள் மசகு உலர்ந்து இறுகியிருந்தால், எந்தப் பேடாக இருந்தாலும் டிஸ்கோடு உரசிக்கொண்டே இருக்கும், டிஸ்க் சூடேறிக்கொண்டே இருக்கும். பேடு மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த ஊசிகளைத் துடைத்து, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் இடச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிய பேடும் டிஸ்கும் போட்ட பிறகு அவற்றைப் பழக்க வேண்டும் என்கிறார்களே, அது அவசியமா?

பதில்: கட்டாயம் அவசியம், பலர் தவிர்த்துவிடுவது குறித்து எனக்கு வருத்தம் உண்டு. புதிய பேடு, டிஸ்கின் மேல் தன் பொருளை மெல்லிய படலமாகச் சீராகப் பூச வேண்டும். பிடியின் ஒரு பகுதி அந்தப் படலத்திலிருந்தே வருகிறது. தயாரிப்பாளர் தனியாக முறை எதுவும் தராவிட்டால், போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை மிதமான அழுத்தத்தில் குறைத்து, முழுவதும் நிறுத்திவிடாமல் மீண்டும் வேகமெடுத்து, இப்படி எட்டு முதல் பத்து முறை செய்யுங்கள். பிறகு சில நிமிடங்கள் பிரேக்கை இயன்றவரை தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். புதிய டிஸ்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருக்கும் எண்ணெயைப் பொருத்துவதற்கு முன்பே பிரேக் கிளீனரால் கழுவியிருக்க வேண்டும்.

சூடான டிஸ்கை ஒரே இடத்தில் பேடு கவ்விப் பிடித்திருப்பதும் கெடுதல். கடுமையாகப் பிரேக் போட்டு நின்றவுடன் பெடலை அழுத்தியபடியே காத்திருந்தால், பேடின் பொருள் அந்த இடத்தில் அச்சுப் பதித்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். சமதரையில், முன்னால் இடமிருந்தால், பிடியைத் தளர்த்தி மெல்ல நகர்ந்துகொண்டே நில்லுங்கள். சூடான சக்கரத்தின் மேல் குளிர்ந்த நீரைப் பாய்ச்சிக் கழுவுவதையும் அரைமணி நேரமாவது தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: கெட்டுப்போன டிஸ்கை லேத்தில் கடைந்து பயன்படுத்தலாமா?

பதில்: டிஸ்கிலேயே குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டிருக்கும், கடைந்த பிறகும் அதற்குமேல், தேய்வதற்கு இடம் விட்டு இருந்தால் மட்டும் கடையலாம். ஆனால் பேடின் பொருள் ஒட்டிய இடம் மிகையாகச் சூடேறி 650, 700 டிகிரி செல்சியசை எட்டினால், அங்குள்ள வார்ப்பிரும்பு சிமென்டைட் என்னும் கடினமான வடிவத்துக்கு மாறிவிடுகிறது. கடைந்தால் மேற்பரப்பு சமமாகும், ஆனால் உள்ளே அந்தக் கடினப் புள்ளி இருக்கும். சுற்றியுள்ள இரும்பு விரைவாகத் தேய, அது மட்டும் மேலெழுந்து நடுக்கம் திரும்பும். நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிந்தால் கடைசலுக்குச் செலவழிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் பிரேக் திடீரென்று வேலை செய்யாமல் போனது. வண்டி ஆறிய பிறகு சரியாகிவிட்டது. பேடை மாற்றினால் போதுமா?

பதில்: பெடல் எப்படி இருந்தது என்பதை நினைவுகூருங்கள். பெடல் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூட்டில் பிடி இழந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்து போயிருந்தால் கொதித்தது பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 என்னும் தர வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலைக்கு விதிக்கப்பட்ட அளவோ 155 டிகிரிதான். கொதித்த ஆயிலில் எழும் நீராவிக் குமிழ்கள் அழுத்தத்தை வாங்கிக்கொள்வதால், மிதிக்கும் விசை காலிப்பரைச் சென்று சேர்வதில்லை.

1500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்பதற்கே ஏறத்தாழ 580 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் அது நான்கில் ஒரு பங்கே. எனவே இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து எஞ்சினின் தடையைப் பயன்படுத்துங்கள். பெடலை இடைவிடாமல் உரசவிடாமல், உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். ஆறிய பின் பெடல் பழையபடி இறுகிவிட்டது என்பதை நம்பி மீண்டும் அதே பாதைக்குச் செல்லாதீர்கள். ஈரம் ஏறிய ஆயில் உள்ளேயே இருக்கிறது; பேடின் நிலை எதுவானாலும், அதை முழுவதுமாக வடித்துப் புதிய ஆயில் நிரப்பி, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகே அடுத்த மலைப்பயணம்.