மொரிஷியஸில் பறவைப் படம் எடுக்க 70-300 லென்ஸ் போதுமா?

கோயம்புத்தூரிலிருந்து இங்கே வேலைக்கு வரப்போகிறீர்கள், கையில் ஒரு பழைய கிராப் சென்சார் (சின்னச் சென்சார்) கேமராவும் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும் இருக்கிறது, அதை விற்றுவிட்டு 150-600 வாங்கிக்கொண்டு வரலாமா, எங்கே போய் எடுப்பது, எடுத்ததை எப்படிப் போட்டால் நாலு பேர் உருப்படியாகக் கருத்து சொல்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்க வேண்டாம். இருப்பதைக் கொண்டு வாருங்கள், மிச்சமாகும் பணத்தில் நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன், லீவு நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிற ஆள், அவ்வளவுதான், தொழில்முறைப் படக்காரன் இல்லை. அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேடந்தாங்கலில் ஏரி நடுவே மரத்தில் உட்கார்ந்திருக்கிற நாரையைக் கரையில் நின்று எடுக்க 600 கேட்கும், ஒத்துக்கொள்கிறேன். இங்கே காட்டுப் பறவைகள் அப்படி இல்லை. சின்னத் தீவு, குட்டையான மரங்கள், நீங்கள் தேடிப் போகிற பறவை பல நேரம் தலைக்கு மேலேயே வந்து உட்காரும். தூரம் பிரச்சினை இல்லை, இருட்டுதான் பிரச்சினை. பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் மக்காபே பக்கம் மரநிழலில் நின்றால், மேகம் மூடிய காலையில் எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் கூடினால் வெளிச்சம் குறையும்) வைத்து ஷட்டர் 1/250 நொடி கிடைக்கவே ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு, 3200 வரை போகவேண்டியிருக்கும். 150-600 லென்ஸ்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி முனையில் எஃப் 6.3 ஆகிவிடும், அதாவது இருக்கிற வெளிச்சத்திலும் கொஞ்சம் போய்விடும், எடையும் கையை ஆட்டும். உங்கள் 300 கிராப் சென்சாரில் 450 அளவுக்குக் காட்டும், அது போதும். உட்கார்ந்திருக்கிற பறவைக்கு 1/250, ஐந்தாறு ஷாட் தொடர்ச்சியாக அடித்தால் ஒன்றாவது கூர்மையாக வரும். ரா-வில், அதாவது கேமரா சுருக்காத மூலக் கோப்பாக, எடுங்கள். இப்போது வருகிற நாய்ஸ் (ஐஎஸ்ஓ கூடும்போது வருகிற புள்ளிகள்) நீக்கும் மென்பொருள்கள் 3200-ஐச் சுலபமாகச் சமாளிக்கின்றன.

திசைக் கணக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தத் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறது. ஊரில் மார்கழி தை மாதம் மதியச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம், இங்கே குளிர்காலம் மே முதல் ஆகஸ்ட் வரை, அப்போது மதிய வெயில் வடக்கிலிருந்து அடிக்கும். பள்ளத்தாக்கின் எந்தச் சரிவில் வெளிச்சம் விழும் என்று வீட்டிலேயே யோசித்துவிட்டுக் கிளம்பினால் பாதி வேலை முடிந்தது. பறவைகளின் காலமும் அப்படித்தான், உள்ளூர்ப் பறவைகளில் பெரும்பாலானவை செப்டம்பருக்கு மேல்தான் கூடு கட்டும்.

எங்கே போவது என்றால், முதல் மாதம் எங்கேயும் போகாதீர்கள். வீட்டு வாசலில் மைனா இருக்கும், செம்மீசைச் சின்னான் இருக்கும், புள்ளிப்புறா இருக்கும், கரும்புக் காட்டோரம் கவுதாரிகூட ஓடும். என்னடா, கோயம்புத்தூரிலேயே இருக்கிறோமா என்று தோன்றும். எல்லாம் வந்தேறிப் பறவைகள். மைனாவை வெட்டுக்கிளி தின்பதற்காக 1762-இல் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், நம் ஆட்கள் கப்பலேறிக் கரும்புக்கு வருவதற்கு வெகு முன்னால். இவற்றை வைத்துக் கை பழக்குங்கள். குறிப்பாகக் கார்தினால் என்று இங்கே சொல்கிற மடகாஸ்கர் சிவப்புக் குருவி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மிளகாய்ப்பழச் சிவப்பில் ஜொலிக்கும், எடுத்துப் பார்த்தால் மார்பில் ஒரு இறகுகூடத் தனியாகத் தெரியாமல் சிவப்புச் சாயத்தைக் கொட்டினாற்போல் இருக்கும். கேமராவின் வெள்ளை ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டுகிற வரைபடம்) எல்லாம் சரி என்றுதான் சொல்லும். அதை நம்பாமல், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டுகிற ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்தால் சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது தெரியும். எக்ஸ்போஷரை மைனஸ் 0.7, வெயில் என்றால் மைனஸ் 1 வரை இறக்குங்கள், மயிலிறகு மாதிரி ஒவ்வொரு இழையும் வரும். இதைக் கற்றுக்கொண்டுவிட்டால் பாதி எக்ஸ்போஷர் பாடம் முடிந்தது.

அப்புறம் உள்ளூர்ப் பறவைகள். இந்தத் தீவுக்கே உரிய நிலப்பறவைகளில் மிச்சம் இருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம், டோடோவை 17-ஆம் நூற்றாண்டிலேயே தொலைத்துவிட்டோம். மிச்சம் இருப்பவையும் மயிரிழையில் தப்பியவை. மொரிஷியஸ் வல்லூறு 1974-இல் காட்டில் தெரிந்தவரை 4 தான் இருந்தது, காடழிப்பு ஒரு பக்கம், மலேரியாக் கொசுவுக்கு அடித்த டிடிடி ஒரு பக்கம். இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் 10 அளவுக்கு வந்துவிட்டது. எக்கோ கிளியும் 1980-களில் கிட்டத்தட்ட அதே நிலைமை. 1979-இல் இங்கே வந்த வேல்ஸ்காரர் கார்ல் ஜோன்ஸும் மொரிஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் ஆட்களும் முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சு வளர்த்து, எலியையும் கீரியையும் பிடித்து, கூடுதல் தீனி வைத்து மீட்டு எடுத்தார்கள். இன்று வல்லூறும் புறாவும் கிளியும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிற முக்கியமான விஷயம் இந்த மீட்பிலிருந்துதான் வருகிறது. நீங்கள் எடுக்கப்போகிற புறாவின் காலைப் பாருங்கள். மாயெபூர் பக்கத்தில் இல் ஓ ஸெக்ரெத் என்று 26 ஹெக்டேர் குட்டித் தீவு, வழிகாட்டியோடுதான் போக முடியும், முன்பதிவு செய்துவிட்டுப் படகில் போகவேண்டும். அங்கே பாதைக்கு மேலே கிளையில் புறா கனமாக வந்து இறங்கும், கிளை ஒரு ஆட்டம் ஆடும். வெளிறிய ரோஜா நிறத் தலையும் மார்பும், பழுப்பு இறக்கை, செம்பழுப்பு வால், கண்ணைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு. அதன் கீழே இரண்டு காலிலும் பிளாஸ்டிக் வளையங்கள், கூடவே ஓர் உலோக வளையம். அந்த நிறச் சேர்க்கைதான் அந்தப் பறவையின் அடையாள அட்டை. காட்டில் வேலை செய்கிறவர்கள் அதைப் படித்தே இது எப்போது பிறந்தது, யாருடைய குஞ்சு, எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

புதிதாக வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? படம் அழகாக இருக்கிறது, காலில் பச்சை பிளாஸ்டிக் மட்டும் உறுத்துகிறது என்று மென்பொருளில் பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மூடுகிற குளோன் பிரஷ்ஷை எடுத்துத் துடைத்துவிடுகிறார்கள். காய்ந்த குச்சியை அழிப்பதும் இதுவும் ஒன்றில்லை. இங்கே வளையம் இல்லாத புறா என்றால் அது காட்டிலேயே பிறந்து, இன்னும் யார் கணக்கிலும் வராத பறவை என்று அர்த்தமாகிவிடும். நீங்கள் அழகுக்காக அழித்தது ஒரு பொய்ச் செய்தியாகிவிடுகிறது. படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவதும் அதே கதைதான், இடது காலில் இருந்தது வலது காலுக்குப் போய்விடும், வேறு பறவையாகிவிடும். எனக்கு அந்த வளையம் தெரிகிற படம்தான் பிடிக்கும், அது இல்லையென்றால் அந்தப் பறவையே கிளையில் இருந்திருக்காது. முகத்துக்கு நாலு ஷாட் எடுத்த கையோடு கால் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு ஷாட் எடுத்துவிடுங்கள், பகிரும்போது இடது கால், வலது கால், மேலிருந்து கீழ் என்ன நிறம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தீனி போட்டுக் கூப்பிட்டு எடுக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். அரிசி தூவினால் முதலில் வருவது வந்தேறிப் புறாக்கள்தான். ட்ரைக்கோமோனாஸ் என்ற தொண்டை நோய்க் கிருமி அவற்றிலிருந்து இளஞ்சிவப்புப் புறாவுக்குத் தண்ணீரிலும் தீனியிலும் தொற்றுகிறது, குஞ்சுகள் இதில் நிறையச் சாகும். கிளிகளுக்கு வேறொரு வைரஸ், அலகும் இறகும் உருக்குலைகிற நோய். காவலர்கள் வைக்கிற தீனிப்பெட்டி திட்டத்தின் ஒரு பகுதி, அதைக் கண்காணிக்கிறார்கள், நம்முடைய பொட்டலம் அப்படி இல்லை. போனில் குரலைப் போட்டு ஏமாற்றுவதும் வேண்டாம், கூட்டை விட்டு வந்து சண்டைக்குத் தேடும். கூட்டுப் பக்கம் போகவே போகாதீர்கள், குரங்கு நீங்கள் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், பிறகு போய்க் கூட்டைச் சூறையாடிவிடும். பெத்ரான் பக்கம், கங்கா தலாவ் கோவில் போகிற வழியில், அவற்றின் அட்டகாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

கிளி விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது குழம்புவோம். நம் பச்சைக்கிளியும் இங்கே வந்தேறியாகக் கூட்டம் கூட்டமாகப் பறக்கிறது. எக்கோ கிளி அதன் சொந்தக்காரன் மாதிரியே இருக்கும், கொஞ்சம் கரும்பச்சை, வால் குட்டை, உடம்பு உருண்டை. சந்தேகம் என்றால் அலகைப் பாருங்கள். எக்கோவில் வளர்ந்த பெண்ணுக்கு மேல் அலகு கருப்பு. பச்சைக்கிளியில் ஆண் பெண் இரண்டுக்குமே மேல் அலகு சிவப்பு. ஆகவே கருப்பு அலகு வந்தால் கொண்டாடுங்கள், மஸ்கரீன் தீவுகளின் (மொரிஷியஸும் பக்கத்து ரியூனியன், ரோட்ரிக்ஸும்) சொந்தக் கிளிகளில் மிஞ்சியிருப்பது அந்த ஒரே இனம்தான். பெத்ரான், மக்காபே, ஷாமரெல் பக்கத்துக் கருங்காலிக் காடு, இங்கெல்லாம் வாய்ப்பு உண்டு.

உங்கள் 300 உண்மையிலேயே திணறப்போகிற இடம் போர்ட் லூயி பக்கத்து டெர் ரூஜ் கழிமுகம். ராம்சர் என்ற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் இருக்கிற சதுப்பு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சைபீரியப் பக்கத்திலிருந்து உள்ளான்கள் வரும், கோடியக்கரையில் பார்த்த அதே வளைமூக்கு உள்ளான், கல்திருப்பி உள்ளான் எல்லாம் இங்கேயும் நிற்கும். தண்ணீர் வடிந்திருக்கும்போது சேற்றில் வெகு தூரம் போய்விடும், ஏறும்போதுதான் கொஞ்சம் கரைப் பக்கம் வரும், அந்த நேரம் பார்த்துப் போங்கள். பறவை சின்னதாகவே வந்தாலும் பரவாயில்லை, முழுச் சதுப்பையும் கூட்டத்தையும் சேர்த்து எடுங்கள். பள்ளத்தாக்கில் பறக்கிற பாய்-ஆன்-கே, அந்த நீள வால் வெள்ளைப் பறவை, ஏர் மொரிஷியஸ் விமானத்தின் வாலில் இருப்பது, அதற்கு ஷட்டர் 1/2000 வையுங்கள். பின்னால் கரும்பச்சைச் சரிவு இருந்தால் கேமரா ஏமாந்து வெள்ளையை எரித்துவிடும், மைனஸில் இறக்குங்கள்.

ஈரத்தைப் பற்றி ஒரே வார்த்தை: ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள், லென்ஸில் ஆவி படிந்துவிடும். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வையுங்கள், இல்லையென்றால் லென்ஸுக்குள் பூஞ்சை வரும்.

சரி, பகிர்வது. வாட்ஸ்அப் குழுவில் சாதாரணமாக அனுப்பினால் படத்தை நசுக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். நீளப் பக்கம் 2048 பிக்சல், நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி, அளவைக் குறைத்த பிறகு கடைசியாக ஷார்ப்பன். பறவையை ஒட்டக் கத்தரிக்காதீர்கள், அது பார்க்கிற பக்கம் இடம் விடுங்கள். கேமராவோடு போன் செயலி இணைத்திருந்தால் ஜிபிஎஸ் படத்துக்குள் ஏறிவிடும், அதை நீக்கிவிட்டுப் போடுங்கள், இடம் சொல்லவேண்டுமென்றால் பூங்காவின் பெயர் போதும். கருத்து கேட்கும்போது "எப்படி இருக்கு" என்று கேட்டால் "சூப்பர் சார்" என்றுதான் வரும், கட்டைவிரல் படம் இருபது வரும், நீங்களும் சந்தோஷமாகத் தூங்கிவிடலாம், அடுத்த படமும் அப்படியே இருக்கும். "பின்னணியில் இந்த இலை உறுத்துகிறதா, ஒரு எட்டு இடது பக்கம் நகர்ந்திருக்கவேண்டுமா" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், வெட்டாத மூலப் படத்தையும் கூடவே போடுங்கள். அப்போதுதான் தெரிந்தவர்கள் வாய் திறப்பார்கள். பறவை என்னவென்று தெரியவில்லை என்றால் கூச்சப்படாமல் தெரியவில்லை என்றே போடுங்கள், இங்கே உள்ள அண்ணன்மார்கள் பாதி கிரியோலிலும் பாதி தமிழிலும் சண்டை போட்டே பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.