சபை வகுப்பு பலன் தந்ததா என்று எப்படி அளப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர்ச் சாட்ஸ்வொர்த்தில் உங்கள் கிறிஸ்தவ சபை, வளரிளம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எச்.ஐ.வி. தடுப்பையும் மனநலத்தையும் சேர்த்து வகுப்பு நடத்தப்போகிறது. பலனை எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வருகைப் பதிவேடும் பாராட்டும் போதாது. தொடங்கும் முன்பும், முடிந்து ஒரு மாதத்திலும், மூன்று மாதத்திலும் அதே கேள்விகளைக் கேளுங்கள். ஒப்பிட வகுப்பு நடக்காத ஒரு குழுவும் வேண்டும். யாரையும் ஒதுக்க மனம் வராது, சரி. நாலைந்து சபைகள் சேர்ந்து, யாருக்கு முதலில் என்று சீட்டுக் குலுக்குங்கள். காத்திருக்கும் சபைதான் ஒப்பீட்டுக் குழு. அவர்கள் முறையும் பின்னால் வந்துவிடும்.

கென்யக் கிராமப்புறத்தில் 4 சபைகளின் 124 குடும்பங்களோடு இப்படிச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பெற்றோர் பிள்ளை பேச்சு நன்றாகவே கூடியது. மனநலத்தில் மாற்றம் தெரியவில்லை. அதனால் இரண்டையும் தனித்தனியாக அளந்தே ஆகவேண்டும்.

எனக்குப் பெரிய கவலை, பதில்கள் உண்மையா என்பதுதான். போதகர் கேட்டால் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? சபைக்கு வெளியே உள்ள ஒருவர், பெற்றோர் பக்கத்தில் இல்லாமல், பிள்ளைகளுக்குப் பழகிய ஆங்கிலத்திலேயே கேட்கட்டும். தாளில் பெயருக்குப் பதில் எண். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவரிடம் மட்டும். சாக நினைப்பதாக ஒரு பிள்ளை எழுதினால் யார், எங்கே அழைத்துப் போவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசிச் சேவையான சைல்ட்லைனின் எண் 116ஐ எல்லோருக்கும் கொடுங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 12 வயதிலிருந்தே பிள்ளை தானே எச்.ஐ.வி. பரிசோதனைக்குச் சம்மதிக்கலாம்; இதைப் பெற்றோருக்கும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.