மறைந்த உள்ளூர் ஓவியர் நினைவாகப் பொது ஓவியக்கூடம் திறக்கப்போகிறோம். விழாவை எப்படி நடத்தலாம்?

கல்வெட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். இந்த மாதிரி வேலையில் முதல் சண்டை அங்கேதான் வரும். திறப்பாளர் யார், தலைமை யார், முன்னிலை யார் என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்நேரம் ஆரம்பித்திருக்கும்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம், கடற்கரை ஓரம். நாங்கள் கூடம் திறந்தது ஒரு படகு பெயிண்டர் நினைவாக. பெயர் வேண்டாம், வீட்டில் விரும்பமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்றால் விசைப்படகுகளுக்கு ஓய்வு; அவருக்கோ அப்போதுதான் சாப்பிட நேரம் இருக்காது. கரையேற்றிய படகுகளுக்கு வண்ணம் அடித்து, அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், பெயர் எழுதுவார். அந்தோணியார், பத்ரகாளி, பிறையோடு 786, எல்லாம் ஒரே கைதான். மற்ற மாதங்களில் கடை போர்டு. ஃப்ளெக்ஸ் வந்தபிறகு அதுவும் போச்சு.

"போர்டு எழுதினவருக்கெல்லாம் நினைவுக்கூடமா?" என்று ஊரிலேயே கேட்டார்கள். இங்கேயும் யாராவது கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டி கொண்டைய ராஜு காலண்டருக்குத்தான் வரைந்தார், அந்தப் படங்கள் இல்லாத பூஜையறை உண்டா? 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சென்னை பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினாரே, அங்கே பெரிய ஓவியர்களே மெழுகு வைத்துச் சாயம் போடும் பத்திக் துணி செய்து விற்றுத்தான் காலம் தள்ளினார்கள். வயிற்றுக்காகச் செய்தால் கலை இல்லை என்றால் யாரும் மிஞ்சமாட்டார்கள். நான் கலை விமர்சகன் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்வெட்டுக்கு வருகிறேன். எங்களுக்கு வந்த முதல் மாதிரியில் பிரமுகர்கள், நன்கொடையாளர்கள் எல்லாரும் முடிந்தபிறகு அடியில் அவர் பெயர். அதிலும் எழுத்துப் பிழை! சுழி ஒன்று கோணினாலும் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுகிற மனுஷனுக்கு இது. ராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரோவியங்களைப் பாருங்கள். முத்துவிஜய ரகுநாத சேதுபதி என்று ராஜா பெயரை எல்லாரும் சொல்கிறோம், வரைந்தவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. முந்நூறு வருடம் கழித்தும் அதே கதையா?

கல்லை ரத்து செய்தோம். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை, அது வேறு.

அடுத்தது குத்துவிளக்கா, ரிப்பனா, யார் ஜெபிப்பது என்ற பஞ்சாயத்து. எதுவும் வேண்டாம், பெயர்ப்பலகையை விழாவிலேயே எழுதலாம் என்று அவர் மகள் சொன்னாள். அவரிடம் தொழில் படித்த பையன் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவனைக் கூப்பிட்டோம். சாக்பீஸ் பொடி தடவிய நூலை அவனும் மகளும் ஆளுக்கொரு முனை பிடித்து, பலகையில் வைத்துச் சுண்டினார்கள். இரண்டு வெள்ளைக் கோடு. அதற்கு நடுவில் எனாமலில் எழுத ஆரம்பித்தான். கை நின்று நிதானமாகத்தான் எழுதினான். பேச்சு இல்லை, மாலை இல்லை. சிறப்பு விருந்தினர் மூன்றாவது எழுத்திலேயே போனைப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் கிளம்பிவிட்டார். பிள்ளைகள் மட்டும் கடைசி வரை அசையவில்லை.

அந்த விருந்தினர் வந்ததே தாமதம். காரணம் பாம்பன் பாலம். 1988-இல் திறந்த ரோட்டுப் பாலம், ராமேஸ்வரம் தீவுக்குப் போக வர வேறு ரோடு கிடையாது. அதில் நடுவிலேயே காரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். பக்கத்து ரயில் பாலத்தில் ரயில் வந்தால் கேட்கவே வேண்டாம், ஆம்புலன்ஸ்கூட நிற்கவேண்டியதுதான். வெளியூர்க்காரர்களை வராதே என்று சொல்லவில்லை. கடல் கரையிலும் இருக்கிறது, அங்கே நின்று பாருங்கள் என்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு. உங்களுடையதும் கடலோர ஊர் என்றால் பலகைக்கு இரும்புத் தகடு வேண்டாம், உப்புக்காற்றில் துரு பிடித்துவிடும். நாங்கள் பழைய படகுப் பலகையில் எழுதினோம். பீரோவும் அப்படித்தான், மழைக்காலத்தில் பேப்பர் எல்லாம் நமுத்துவிடும், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். அவருடைய பிரஷ்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டவேண்டாம். பிள்ளைகள் எடுத்து வரையட்டும், தேய்ந்தால் தேயட்டும். சாவி யாரிடம் என்பதை விழாவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். எங்களுடையது எதிர் டீக்கடையில் தொங்குகிறது, யாரும் வாங்கித் திறக்கலாம். தலைவர் வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் கூடம் வலை போடும் கிடங்காகியிருக்கும்.

விழாவைத் தடைக்காலத்தில் வையுங்கள், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். ஆனால் வசூலை மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். அதன்பிறகு யார் கையிலும் காசு இருக்காது.