கேளுங்கள், சொல்கிறோம்: கேமன் தீவில் பிழைக்கப் போனவர்கள்

கே: கரீபியன் கடலில் இருக்கும் கிராண்ட் கேமன் தீவுக்குப் போய் வந்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே வருமான வரியே கிடையாதாமே, வேலைக்குப் போனவர்கள் எல்லாம் ஓகோவென்று இருக்கிறார்களா?
– வாசகர், நாமக்கல்

ப: வருமான வரி கிடையாது, உண்மைதான். ஆனால் தீவில் விளைவது கொஞ்சம், ஏறக்குறைய எல்லாமே கப்பலில் வந்து இறங்குகிறது, பெரும்பாலான பொருள்களுக்கு 22 சதவீதம் இறக்குமதி வரி வேறு, அது கடைசியில் வாங்குகிறவர் தலையில்தான் விடிகிறது. கணக்காளராக நல்ல சம்பளம் வாங்கும் என் உறவுக்காரப் பெண்ணே சூப்பர்மார்க்கெட்டில் தக்காளி விலையைப் பார்த்துவிட்டு இரண்டைத் திருப்பி வைத்தாள். கேமன் டாலர் ஒன்று 1.20 அமெரிக்க டாலர். விலைச்சீட்டில் எண் சின்னதாகத் தெரிகிறதே என்று நினைத்துவிடாதீர்கள்.

தீவில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள். வங்கி, வக்கீல் அலுவலகங்களில் பிரிட்டன், கனடாக்காரர்கள் நிறைய. வீட்டு வேலை, கட்டட வேலை, ஓட்டல் என்றால் ஜமைக்கா, பிலிப்பைன்ஸ்காரர்கள். கடற்கரை ஓட்டலில் தங்கித் திரும்புகிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. மாலை ஐந்து மணிக்குத் தலைநகர் ஜார்ஜ் டவுனில் நூலகத்துக்குப் பக்கத்தில், மினிபஸ் கிளம்பும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நான் போன அன்று, சீருடையைக்கூட மாற்றாமல் ஒரு அம்மா போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி, மணிலாவில் அப்போதுதான் எழுந்து பள்ளிக்குக் கிளம்பும் மகனோடு பேசிக்கொண்டிருந்தார், அங்கே மறுநாள் காலை ஆறு மணி. குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று அந்தத் தீவில் 2016-ல்தான் வந்தது, தொடக்கத்தில் மணிக்கு 6 கேமன் டாலர். அந்தக் கூலியில் பிள்ளையை அழைத்து வந்து கூடவே வைத்துக்கொள்வது நடக்கிற காரியமா? ஒரே தீவில் இரண்டு விதமான வாழ்க்கை என்பது எனக்கு உறைத்தது அங்கேதான்.

கே: சுற்றிப் பார்க்க மட்டும் போகலாமா?
– வாசகர், ஈரோடு

ப: போகலாம். இடுப்பளவு தண்ணீரில் திருக்கை மீன்கள் காலை உரசிக்கொண்டு போகும் மணல் திட்டு ஒன்று போதும், போன செலவு தகும். வழக்கமான வழி மயாமி. விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும், அதை முதலில் பாருங்கள்.

கே: என் மகள் நர்ஸ். அந்தத் தீவில் வேலை கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா?
– வாசகி, திருநெல்வேலி

ப: தைரியமாக அனுப்புங்கள் அம்மா. பெங்களூரு இதய அறுவை நிபுணர் டாக்டர் தேவி ஷெட்டி தொடங்கிய மருத்துவமனை 2014 முதல் தீவின் கிழக்கே நடக்கிறது, இந்திய நர்ஸ்கள் அங்கே புதிதில்லை. ஆனால் அங்கே வேலை செய்வதற்கான பர்மிட் என்பது மகளுக்கு மட்டும் கொடுப்பதில்லை, முதலாளியோடு சேர்த்துக் கொடுப்பது. வேலை மாறினால் புது பர்மிட். 2013-ல் திருத்திய சட்டப்படி 9 ஆண்டு முடிந்தால் ஒரு வருடமாவது தீவை விட்டு வெளியே போக வேண்டும். 8 ஆண்டு ஆனதும் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம், அதற்கு 110 மதிப்பெண் எடுக்க வேண்டும், படிப்பு, சேமிப்பு, அங்கே வாங்கிய வீடு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. மினிபஸ்ஸுக்கு நிற்கிற அந்த அம்மாவுக்கு இதில் எங்கே கிடைக்கும்? சொந்த ஊரிலேயே சிறுபான்மை ஆகிவிட்டோமே என்ற தீவுக்காரர்களின் பயம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை, அதற்காக எட்டு வருடம் உழைத்தவரை வீடு வாங்கினாயா என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், கையெழுத்துப் போடும் முன் இன்றைய நிலவரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வீடு பிடிக்கும்போது 2004 ஐவன் புயலில் அங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கேட்கட்டும். அப்புறம், பர்மிட் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், சட்டம் அது. அதற்கென்று ஏஜென்ட் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.